அச்சத்தின் நான்கு நிலைக்களன்களும் ‘ஏலியன்’ திரைப்படமும்: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏலியன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம், அறிவியல் புனைவையும் திகில் கதையையும் ஒன்றிணைத்த படைப்புகளுள் தலையாய இடம் பெற்றது. நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வரும் அதன் செல்வாக்கிற்கு, அதில் தோன்றும் கொடிய உயிரியின் உருவமைப்பே காரணம் என்பது பொதுவான கருத்தாகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு வகுத்துள்ள அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கு நிலைக்களன்களைக் கொண்டு இப்படத்தை ஆராயும் இக்கட்டுரை, உயிரியைக் காட்டிலும் ‘இறை’ என்னும் நான்காம் நிலைக்களனே படத்தின் நீடித்த ஆற்றலுக்கு அடிப்படை என்பதை நிறுவ முயல்கிறது. அதனோடு, மெய்ப்பாட்டியல் கோட்பாடு இப்படத்தின்முன் எந்த இடத்தில் விரிவு பெறவேண்டியுள்ளது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், இளிவரல், அணங்கு, இறை, அறிவியல் புனைவு, திகில் திரைப்படம், ஏலியன்.

முன்னுரை

அச்சமூட்டும் நோக்குடன் எடுக்கப்படும் திரைப்படங்கள் பெரும்பாலும் விரைவில் முதுமை அடைகின்றன. ஒரு தலைமுறையை நடுங்கச் செய்த உருவம் அடுத்த தலைமுறைக்கு நகைப்பிற்குரியதாகி விடுகிறது. ஒப்பனையும் தந்திரக்காட்சிகளும் பழையனவாகும்போது அவற்றைச் சார்ந்து நின்ற அச்சமும் மறைகிறது. இப்பொதுவியல்புக்கு விலக்காக நிற்பவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ‘ஏலியன்’.

1979ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான இப்படம், காட்சிச் சிறப்பு விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. 2002ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத்தக்க படைப்பாகச் சேர்க்கப்பட்டது. இதனை அடியொற்றிய படங்களும் வரைகதைகளும் கணினி விளையாட்டுகளும் இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றன. 2024இல் ‘ஏலியன்: ரோமுலஸ்’ என்னும் படமும், 2025இல் ‘ஏலியன்: எர்த்’ என்னும் தொலைக்காட்சித் தொடரும் வெளிவந்தன.

இத்தகைய நீட்சிக்குக் காரணம் யாது என்னும் வினாவுக்குச் சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர்.கீகர் படைத்த உயிரியின் உருவத்தையே பலரும் விடையாகக் காட்டுவர். இவ்விடையில் உண்மை உண்டு. எனினும் இது முழுமையானதன்று. ஏறத்தாழ இரண்டு மணிநேரப் படத்தில் வளர்ந்த உயிரி திரையில் தோன்றுவது மிகச் சில நிமிடங்களே. அவ்வுருவத்தைப் போலச்செய்த படங்கள் பலவாயினும், அவற்றுள் நிலைத்தவை சிலவே. உருவமே காரணமெனின் போலிகளும் நிலைத்திருக்க வேண்டும். ஆகவே, அச்சத்தின் ஊற்று வேறெங்கோ உள்ளது எனக் கொள்ள இடமுண்டு. அதனைக் கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வு அணுகுமுறை

தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று அச்சம். ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென வகுக்கும் தொல்காப்பியர், அச்சத்திற்கு உரியனவாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றைக் கூறுகிறார். அணங்கு என்பதற்குப் பேய், பூதம் முதலாகிய வருத்தும் ஆற்றல்களையும், விலங்கு என்பதற்கு அரிமா முதலிய அஞ்சத்தக்க உயிர்களையும், கள்வர் என்பதற்குத் தீத்தொழில் புரிவோரையும், இறை என்பதற்குத் தந்தை, ஆசிரியர், அரசர் முதலாயினோரையும் பேராசிரியர் பொருளாகக் கொள்வர்.

செய்யுளுக்குரிய ஓர் இலக்கணத்தை அயல்நாட்டுத் திரைப்படத்திற்குப் பொருத்துவது தகுமா என்னும் ஐயம் எழலாம். மெய்ப்பாடு செய்யுளுறுப்புகளுள் ஒன்றாக எண்ணப்பட்டாலும், மெய்ப்பாட்டியலின் தொடக்க நூற்பாக்களுக்கு உரைகண்ட இளம்பூரணரும் பேராசிரியரும் கூத்தினையும் அதனைக் காண்போரையும் முன்வைத்தே விளக்கம் தருகின்றனர். சுவைக்கப்படும் பொருள், அதனை உணர்வோர், அவரைக் காணும் அவையோர் என்னும் நிலைகள் அவ்வுரைகளில் விவாதிக்கப்படுகின்றன. காண்கலை பற்றிய சிந்தனை அவ்வியலின் அடித்தளத்திலேயே உண்டு. ஆதலின் திரைப்படத்தை இந்நோக்கில் அணுகுவது வலிந்து பொருத்துவதாகாது. இப்பட உருவாக்கத்தில் தொல்காப்பியத்திற்குத் தொடர்பேதும் இல்லை என்பது வெளிப்படை. அச்சத்தின் வகைகளைப் பிரித்தறியும் கருவியாக மட்டுமே மெய்ப்பாட்டியல் இங்குக் கையாளப்படுகிறது.

படத்தின் பின்புலம்

‘ஏலியன்’ படத்தின் மூலக்கதையை டான் ஓபானன், ரொனால்ட் ஷுசெட் ஆகிய இருவரும் உருவாக்கினர். திரைக்கதையை ஓபானன் எழுதினார். அதற்குமுன் ஜான் கார்ப்பென்டருடன் இணைந்து ஓபானன் எழுதிய ‘டார்க் ஸ்டார்’ (1974) என்னும் நகைச்சுவைப் படத்தில், விண்கலத்தில் உலவும் வேற்றுலக உயிரியாகக் கடற்கரையில் விளையாடும் காற்றடைத்த பந்தே நடித்தது. நகையை விளைவித்த அதே சூழலை அச்சத்திற்குரியதாக மாற்றும் எண்ணமே ‘ஏலியன்’ கதைக்கு வித்தானது. விண்கலத்தில் புகுந்த கொடிய உயிரி என்னும் கதைக்கரு ‘இட்! த டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்’ (1958) போன்ற முந்தைய படங்களிலும் உண்டு. எனவே கதைக்கரு புதியதன்று.

தயாரிப்பாளர்களான வால்டர் ஹில், டேவிட் கைலர் இருவரும் திரைக்கதையைத் திருத்தி எழுதியபோது சேர்த்த கூறு ஒன்று இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. மனிதனைப் போல் தோன்றும் இயந்திரமான ஆஷ் என்னும் பாத்திரம் ஓபானனின் மூலத்தில் இல்லை, அவ்விருவராலும் படைக்கப்பட்டது. அப்பாத்திரத்தின் வழியாகவே நிறுவனத்தின் மறைவான ஆணை கதைக்குள் நுழைகிறது. முந்தைய படங்களிலிருந்து ‘ஏலியனை’ வேறுபடுத்தியது இச்சேர்க்கையே எனலாம்.

இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் படப்பிடிப்புத் தளத்தில் 1978ஆம் ஆண்டு படம் உருவானது. ‘த டூயலிஸ்ட்ஸ்’ (1977) படத்திற்குப்பின் ஸ்காட் இயக்கிய இரண்டாவது முழுநீளப் படம் இது. மனிதர்களின் கலத்தை ரான் காப்பும், வேற்றுலகிற்குரியவற்றைக் கீகரும் வடிவமைத்தனர். குழாயும் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த ஆலை போன்றது ஓருலகம். எலும்பும் இயந்திரமும் பிரித்தறிய இயலாதவாறு பிணைந்தது மற்றோருலகம். இரண்டும் ஒரே கையிலிருந்து பிறக்கவில்லை என்பதைக் காண்போர் உணரும் வகையில் இப்பகுப்பு அமைந்தது.

அணங்கு: இடத்தின் அச்சம்

‘நாஸ்ட்ரோமோ’ என்னும் இழுவைக்கலம் 2 கோடி டன் கனிமத் தாதுவுடன் பூமிக்குத் திரும்புகிறது. அதில் பணியாற்றுவோர் 7 பேர். வழியில் முன்பின் அறியாத சிறுகோள் ஒன்றிலிருந்து எழும் ஒலிக்குறிப்பு, உறக்கத்தில் ஆழ்ந்திருக்கும் அவர்களை எழுப்புகிறது. இறங்கிச் சென்று காண்போர் கைவிடப்பட்ட வேற்றுலகக் கலத்தையும், இருக்கையோடு இருக்கையாகக் கல்லாகிப்போன பேருருவம் ஒன்றையும் எதிர்கொள்கின்றனர். அவ்வுருவத்தின் விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிநோக்கி வளைந்துள்ளன.

சங்க இலக்கிய வழக்கில் அணங்கு என்பது குறிப்பிட்ட ஓர் உருவத்தை மட்டும் குறிப்பதன்று. மலை, நீர்த்துறை, மரம் முதலிய இடங்களில் உறைந்து, நெருங்கியோரை வருத்தும் ஆற்றலையும் அது குறிக்கும். சிறுகோளில் நிகழ்வன இவ்வகை அச்சத்தைச் சார்ந்தன. அங்கு எவரும் தாக்கவில்லை. தாக்கும் உருவமும் தென்படவில்லை. இடமே அச்சம் தருகிறது. இறந்த அப்பேருருவம் யார், எங்கிருந்து வந்தது, ஏன் மடிந்தது என்னும் வினாக்களுக்குப் படம் விடை கூறவில்லை. உதவி வேண்டும் அழைப்பு எனக் கொள்ளப்பட்ட ஒலிக்குறிப்பு, விலகிச் செல்லுமாறு கூறும் எச்சரிக்கையாக இருக்கலாம் என ரிப்ளி கண்டறியும்போது காலம் கடந்துவிடுகிறது.

விடை கூறாமை இங்கு ஓர் உத்தியாகிறது. இதே இயக்குநர் 2012இல் ‘ப்ரோமித்தியஸ்’ படத்தில் அப்பேருருவத்தின் தோற்றுவாயை விளக்கினார். விளக்கத்தால் கதை விரிந்தது. ஆனால் அறியப்பட்டபின் அணங்கு அணங்காக நிற்பதில்லை. அறியாமையில் நிலைகொள்ளும் அச்சத்தை அறிவு நீக்கிவிடுகிறது.

விலங்கு: உடலின் அச்சமும் இளிவரலும்

கேன் என்பவனின் முகத்தைப் பற்றிக்கொண்ட உயிரி அவனுள் கருவை இட்டு நீங்குகிறது. உடல்நலம் தேறி எல்லோருடனும் உணவுண்ணும் வேளையில் அவனது மார்பைப் பிளந்து அக்கரு வெளிவருகிறது. அப்படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி இதுவே. பொதுவாகத் திகில் படங்களில் ஊறு நிகழ்வது இருளிலும் தனிமையிலும் ஆகும். இங்கோ ஒளிமிக்க அறையில், நகையும் உரையாடலும் நிறைந்த உணவு மேசையில், அனைவர் முன்னிலையிலும் நிகழ்கிறது. உவகையின் களமே அச்சத்தின் களமாக மாறுவதால் அதன் விளைவு மிகுகிறது.

உயிரி வெளிவரும் என்பதை நடிகர்கள் அறிந்திருந்தனர். எவ்வளவு குருதி எவ்வாறு பீறிடும் என்பது அவர்களுக்கு முழுமையாகக் கூறப்படவில்லை. ஆகவே வெரோனிகா கார்ட்ரைட் உள்ளிட்டோரின் முகத்தில் தோன்றும் அதிர்ச்சி ஓரளவு இயல்பானது. உள்ளத்து நிகழ்வு உடலில் தானே புலப்படுவதே மெய்ப்பாடு எனின், நடிப்பின் எல்லையைக் கடந்து மெய்ப்பாடு பதிவான அரிய தருணமாக இக்காட்சியைக் கருதலாம். படம் பார்ப்போர் அஞ்சுவது உயிரியைக் கண்டு மட்டுமன்று. அதனைக் கண்டு அஞ்சும் முகங்களைக் கண்டுமாகும்.

திகில் கலையில் அச்சத்துடன் அருவருப்பும் கலந்துள்ளது என்பது நோயல் கரோல் ‘த ஃபிலாசஃபி ஆஃப் ஹாரர்’ (1990) நூலில் முன்வைக்கும் கருத்து. இதற்கு நேரான தமிழ் மெய்ப்பாடாக இளிவரலைக் கொள்ளலாமா என்பது ஆராய்தற்குரியது. வடமொழி மரபின் பீபத்சம் புறப்பொருளின் இழிவைக் கண்டு விலகும் உணர்வு. தொல்காப்பியர் இளிவரலுக்குக் கூறும் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நிலைக்களன்களோ தன் உடலும் நிலையும் தாழ்வுறுவதால் பிறப்பவை. ஆதலின் இரண்டும் ஒன்றல்ல. ‘ஏலியன்’ படத்திற்கு இளிவரலே மிகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. கேனின் மரணம் அருவருப்பாக மட்டும் நின்றுவிடாமல் மனதை உறுத்துவதற்குக் காரணம், அவன் உடல் அவனுடையதாக இல்லாமல் போனமையே. இன்னோர் உயிர் வளர்வதற்கான கொள்கலமாக அவன் ஆக்கப்படுகிறான். பிணியும் மென்மையும் ஒருசேர அவனைத் தாழ்த்துகின்றன. மனித உடல் கொள்கலமாவது உயிரியின் செயல் மட்டுமன்று என்பதைப் படத்தின் பிற்பகுதி வெளிப்படுத்துகிறது.

வளர்ந்த உயிரியாக நடித்தவர் நைஜீரியாவைச் சேர்ந்த போலாஜி படேஜோ. மிக உயர்ந்த, மெலிந்த அவரது உடலமைப்பு, ஆடைக்குள் மனிதன் இருக்கிறான் என்னும் எண்ணத்தைக் காண்போருக்குத் தோற்றுவிக்காமல் செய்தது. முழுவுருவைக் காட்டாமல் உறுப்புகளை மட்டும் இருளிடையே காட்டும் முறையும் இதற்குத் துணையாயிற்று.

கள்வர்: உடனிருப்போரின் அச்சம்

கேனைத் தூக்கிக்கொண்டு தோழர்கள் கலத்தின் வாயிலுக்கு வரும்போது ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கிறாள். தலைவன் டாலஸ் வெளியே நிற்பதால் அவ்வேளையில் கலத்தின் பொறுப்பு அவளுடையது. நோய்த்தடுப்பு விதிப்படி 24 மணிநேரம் அவர்கள் தனிமைப்படுத்தப்பட வேண்டும். அறிவியல் அலுவலனான ஆஷ் அவளது ஆணையை மீறிக் கதவைத் திறக்கிறான். முதன்முறை காண்போர்க்கு ரிப்ளி இரக்கமற்றவளாகவும் ஆஷ் இரக்கமுள்ளவனாகவும் தோன்றக்கூடும். படம் முடிந்தபின் இவ்விரு மதிப்பீடுகளும் தலைகீழாகின்றன.

ஆஷ் கருணையால் கதவைத் திறக்கவில்லை. உயிரியைக் கலத்திற்குள் கொண்டுவரவே திறந்தான். கலம் புறப்படுவதற்கு 2 நாள்களுக்கு முன்னர்தான் வழக்கமான அலுவலருக்கு மாற்றாக அவன் நியமிக்கப்பட்டான் என்னும் செய்தி போகிறபோக்கில் கூறப்படுகிறது. ஆஷ் பாத்திரத்தில் இயன் ஹோமின் நடிப்பு அடங்கிய குரலும் குறைந்த அசைவும் கொண்டது. வன்முறை வெளிப்படும்வரை அவனிடம் வன்மை தெரிவதில்லை. ரிப்ளியைக் கொல்ல முயலும்போது தாக்கப்படும் அவனுடலிலிருந்து செந்நீருக்குப் பதில் வெண்ணிற நீர்மம் வழிகிறது. அவன் மனிதனே அல்லன் என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

கள்வர் என்னும் நிலைக்களன் புறத்திருந்து வரும் பகைவரிலிருந்து வேறுபட்டது. மறைந்திருத்தலே கள்வரின் இயல்பு. வெளியிலிருக்கும் விலங்கினைக் கதவடைத்துத் தடுக்கலாம். கதவின் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் கள்வனைத் தடுக்க இயலாது. இதனைக் கார்ப்பென்டர் இயக்கிய ‘த திங்’ (1982) படத்துடன் ஒப்பிடலாம். அப்படத்தில் விலங்கே மனித உருவெடுத்து மறைவதால் விலங்கும் கள்வரும் ஒன்றாகின்றன. ‘ஏலியன்’ இவ்விரண்டையும் தனித்தனியே நிறுத்துகிறது. கள்வன் விலங்கின் வடிவமல்லன், வேறொருவரின் கருவி. அவ்வேறொருவர் யார் என்னும் வினா நான்காம் நிலைக்களனுக்கு இட்டுச்செல்கிறது.

இறை: ஆணையின் அச்சம்

கலத்தை இயக்கும் மையக் கணினிக்கு ‘மதர்’ என்று பெயர். தாய் என்னும் பொருள்படும் அப்பெயர் கொண்ட கணினியிடம் ரிப்ளி உண்மையைக் கேட்கும்போது, 937 என்னும் எண்ணிட்ட சிறப்பாணை திரையில் தோன்றுகிறது. உயிரியைக் கொண்டுவருவதே முதன்மை, ஏனையவை அதற்கு அடுத்தனவே, பணியாளர்களை இழக்கலாம் என்பது அதன் சாரம். பேராசிரியர் இறை என்பதற்குத் தந்தை முதலாயினோரைச் சுட்டியது இங்கு நினையத்தக்கது. காக்கும் உறவின் பெயராலேயே கைவிடும் ஆணை வருகிறது.

இவ்வாணை திடீரென முளைத்ததன்று. அதற்கான தடயங்கள் தொடக்கமுதலே விதைக்கப்பட்டுள்ளன. உறக்கத்திலிருந்து எழுந்தவர்களின் முதல் உரையாடலில் ஊக்கத்தொகை பற்றிய முறையீடு இடம்பெறுகிறது. பொறிக்கூடத்தில் உழைக்கும் பார்க்கர், ப்ரெட் இருவருக்கும் மற்றவர்களினும் குறைந்த பங்கே உரியது. சிறுகோளில் இறங்க அவர்கள் தயங்கும்போது, ஒலிக்குறிப்பை ஆராயாவிடில் பங்கு முழுவதும் பறிபோகும் என்னும் ஒப்பந்த விதியை ஆஷ் எடுத்துரைக்கிறான். அறிவுத்தேட்டமோ வீரமோ அவர்களை அங்கு அழைத்துச் செல்லவில்லை. கூலியை இழக்கும் அச்சமே அழைத்துச் சென்றது.

கலத்தின் பெயரும் இதனை அரண் செய்கிறது. ‘நாஸ்ட்ரோமோ’ என்பது ஜோசப் கான்ராட் 1904இல் வெளியிட்ட நாவலின் பெயர். வெள்ளிச் சுரங்க முதலாளிகளின் நம்பிக்கைக்குரிய துறைமுகத் தொழிலாளர் தலைவனே அந்நாவலின் நாஸ்ட்ரோமோ. தன் நேர்மை பிறரால் பயன்படுத்திக்கொள்ளப்பட்டது என்பதை அவன் காலந்தாழ்ந்து உணர்கிறான். கனிமத் தாதுவைச் சுமந்து செல்லும் கலத்திற்கு இப்பெயர் அமைந்தமை, கதையின் மறைபொருளை முன்னரே அறிவிப்பதாகிறது.

ஆணை வெளிப்பட்டபின் ஏனைய மூன்று நிலைக்களன்களின் பொருளும் மாறிவிடுகிறது. சிறுகோளின் அணங்கு தற்செயலாக எதிர்ப்பட்டதன்று. அவர்கள் அங்குச் செலுத்தப்பட்டனர். விலங்கு வெறும் விலங்கன்று. நிறுவனம் பெற விழையும் சரக்கு. கள்வன் தனித்துச் செயற்பட்டவன் அல்லன், ஆணையை நிறைவேற்றியவன். கேனின் உடல் உயிரிக்குக் கொள்கலமானது போல எழுவர் உடலும் நிறுவனத்திற்குக் கொள்கலங்களே. முன்னர்க் கூறிய இளிவரல் இங்குத்தான் முழுமை பெறுகிறது.

மெய்ப்பாட்டியலின் எல்லை புலனாவதும் இவ்விடத்திலேயே. இறையஞ்சுதல் என்பது மரபில் பெரிதும் பிழை செய்தவன் தண்டிக்கும் உரிமையுடையோர் முன் கொள்ளும் அச்சம். தந்தை, ஆசிரியர், அரசர் என்னும் வரிசையே அவ்வுறவில் ஒரு நெறி உண்டு என்பதைப் புலப்படுத்தும். பிழை செய்யாதவன் அஞ்ச வேண்டியதில்லை. ‘ஏலியன்’ படத்திலோ பணியாளர்கள் பிழையேதும் செய்யவில்லை. ஒப்பந்தத்திற்குப் பணிந்தே சென்றனர். அஞ்ச வேண்டிய இறைக்கு முகமுமில்லை. நிறுவனத்தின் தலைவர் எவரும் படத்தில் தோன்றுவதில்லை. ‘கம்பெனி’ என்னும் சொல் மட்டுமே ஒலிக்கிறது. முறையிடவோ இரந்து நிற்கவோ எதிரே ஒருவரும் இல்லை. முகமுடைய அரசனை முன்னிறுத்தி வகுக்கப்பட்ட ‘இறை’ என்னும் கருத்தாக்கம், முகமற்ற நிறுவனத்தையும் உள்ளடக்குமாறு விரிக்கப்படுவது இக்காலத்திற்கு இன்றியமையாததாகிறது.

ரிப்ளி: நெறிக்கு அஞ்சியவள்

எழுவருள் உயிர்தப்பும் மனிதர் ரிப்ளி ஒருத்தியே. சிகோர்னி வீவர் ஏற்ற இப்பாத்திரம், திகில் திரைப்படத்தில் பெண்ணின் இடத்தை மாற்றியமைத்தது. ஓபானனின் திரைக்கதை, பாத்திரங்களை ஆண், பெண் இருபாலருள் எவரும் ஏற்கலாம் என்னும் குறிப்புடன் எழுதப்பட்டிருந்தது. ஆதலின் ரிப்ளியின் செயல்கள் பெண்மை குறித்த வழக்கமான வார்ப்புகளுக்குள் அடங்காமல் பதவிக்குரிய கடமையிலிருந்து பிறக்கின்றன.

கதவைத் திறக்க மறுத்த நிகழ்வை மீண்டும் கருதவேண்டும். ரிப்ளியும் அஞ்சுகிறாள், ஆஷும் பணிகிறான். ரிப்ளி அஞ்சுவது அனைவரையும் காக்கும் நெறிக்கு. ஆஷ் பணிவது சிலரைப் பலியிடும் ஆணைக்கு. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அறிவாகப் போற்றும் தமிழ் அறமரபின் நோக்கில், ரிப்ளியின் அச்சம் கோழைமையன்று, அறிவின் வெளிப்பாடு. அவள் சொல் ஏற்கப்பட்டிருப்பின் கேன் ஒருவனோடு இழப்பு நின்றிருக்கக்கூடும். நெறிக்கு அஞ்சுதல் வேறு, இறைக்கு அஞ்சுதல் வேறு என்னும் பகுப்பே இப்படத்தின் அறமையம் எனலாம்.

மேலைத் திறனாய்வு இப்படத்தைப் பெரிதும் உடல், பாலினம் ஆகியவற்றின் நோக்கில் ஆராய்ந்துள்ளது. பார்பரா க்ரீட் ‘த மான்ஸ்ட்ரஸ் ஃபெமினின்’ (1993) நூலில் தாய்மை பற்றிய அச்சத்தை இப்படத்தின் உருவங்களில் காண்கிறார். கேரல் க்ளோவர், திகில் படங்களில் இறுதிவரை எஞ்சி நின்று எதிர்க்கும் பெண்ணை ‘ஃபைனல் கேர்ள்’ எனப் பெயரிட்டு வகைப்படுத்தினார். உடல்சார்ந்த அச்சத்தையும் அதிகாரஞ்சார்ந்த அச்சத்தையும் ஒரே வரிசையில் வைத்து நோக்க மெய்ப்பாட்டியல் இடந்தருகிறது. ஒன்றை முதன்மையாக்கி மற்றொன்றைப் பின்னணியாக்கும் தேவை அங்கு எழுவதில்லை.

தாக்கமும் தொடர்ச்சியும்

நான்கு நிலைக்களன்களுள் எவை பின்வந்த படைப்புகளில் தொடர்ந்தன என்பதைக் காணும்போது கருதுகோள் மேலும் தெளிவுறுகிறது.

ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய ‘ஏலியன்ஸ்’ (1986) உயிரிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிப் போர்க்கதையாக மாறியது. எண்ணிக்கை மிகும்போது விலங்கின் அச்சம் ஓரளவு குறைகிறது. சுட்டு வீழ்த்தக்கூடியதாக உயிரி ஆகிவிடுகிறது. எனினும் படம் வலுவிழக்கவில்லை. நிறுவன அலுவலனான பர்க், உயிரியைக் கடத்திச் செல்வதற்காக ரிப்ளியையும் சிறுமி நியூட்டையும் பலியிட முனைகிறான். செயற்கை மனிதனான பிஷப்போ இறுதிவரை உண்மையாக நிற்கிறான். கள்வர் நிலை இயந்திரத்திடமிருந்து மனிதனுக்கு மாறியுள்ளது. அஞ்சத்தக்கது இயந்திரமன்று, அதனை ஏவும் நலன் என்னும் முதற்படத்தின் கருத்தை இம்மாற்றம் தெளிவாக்குகிறது. இப்படத்திற்காக வீவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

டேவிட் ஃபின்ச்சரின் ‘ஏலியன் 3’ (1992) படத்தில், தன்னுள் வளரும் உயிரியை நிறுவனம் கைப்பற்றாதிருக்க ரிப்ளி உலையில் குதித்து மாய்கிறாள். இறைக்கு மறுப்புக் கூறும் செயலாகவே அவளது சாவு அமைகிறது. ‘ஏலியன்: ரோமுலஸ்’ (2024) படத்தில் சுரங்கக் குடியிருப்பின் இளைஞர்கள் உயிரியிடம் சிக்குவதற்கு முன்பே நிறுவனத்திடம் சிக்கியவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தது என எண்ணி விடுதலை கேட்டுச் செல்லும் பெண்ணுக்கு, அக்காலம் நீட்டிக்கப்பட்டுவிட்டது எனக் கூறப்படும் காட்சி, உயிரி வருவதற்கு முன்னரே அச்சத்தைத் தொடங்கிவைக்கிறது.

மாறாக, ‘ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்’ (2004) படத்தில் இருவகை விலங்குகளின் மோதலே மேலோங்குகிறது. ‘லைஃப்’ (2017) விண்வெளி நிலையத்தில் புகுந்த உயிரியைத் திறம்படக் காட்டினும், அதனைப் பின்னிருந்து காக்கும் ஆணை அங்கில்லை. இவ்வகைப் படங்கள் காணும்பொழுது அதிர்ச்சி தருகின்றன. கண்டபின் தொடரும் கலக்கத்தைத் தருவது அரிது.

கணினி விளையாட்டுத் துறையிலும் இப்படத்தின் தாக்கம் ஆழமானது. நின்டெண்டோ நிறுவனத்தின் ‘மெட்ராய்டு’ (1986) இப்படத்தின் சூழலிலிருந்து பலவற்றை ஏற்றது. அதன் எதிர்ப்பாத்திரம் ஒன்றிற்கு ‘ரிட்லி’ என்றே பெயர். கவசம் பூண்ட முதன்மைப் பாத்திரம் பெண் என்பது விளையாட்டின் முடிவில் வெளிப்படுகிறது. ‘ஏலியன்: ஐசலேஷன்’ (2014) ரிப்ளியின் மகள் அமண்டாவை முதன்மைப் பாத்திரமாகக் கொண்டது. கொல்ல இயலாத ஒரே உயிரியிடமிருந்து மறைந்து வாழ்வதே அதன் ஆட்டமுறை. நிலையத்தை ஆளும் கணினியோ உயிரியைக் காக்கும் ஆணைக்குக் கட்டுப்பட்டுள்ளது. நான்கு நிலைக்களன்களும் மீண்டும் ஒருங்கிணைவதால் முதற்படத்தின் உணர்வுக்கு மிக நெருங்கிய படைப்பாக இதனைக் குறிப்பிடலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• தொல்காப்பியர் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கும் ‘ஏலியன்’ படத்தில் தனித்தனியே இனங்காணத்தக்கவாறு அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு வழிதிறப்பதாகக் கதைப்பின்னல் செல்கிறது.

• உயிரியின் உருவமைப்பு படத்தின் புகழுக்குக் காரணமாயினும், அதன் நிலைபேற்றிற்குக் காரணம் நிறுவன ஆணையாக வெளிப்படும் இறை என்னும் நிலைக்களனே. ஏனைய மூன்றின் பொருளையும் அதுவே மாற்றியமைக்கிறது.

• திகில் படங்களின் அருவருப்பை விளக்க, உடலும் நிலையும் தாழ்வுறுதலைக் குறிக்கும் இளிவரல் என்னும் மெய்ப்பாடு பயன்படத்தக்கது. அது பீபத்சத்தினின்றும் வேறானது.

• பின்வந்த படைப்புகளுள் நான்கு நிலைக்களன்களையும் தக்கவைத்தவை முதற்படத்தின் ஆற்றலை அணுகுகின்றன. விலங்கினை மட்டும் எடுத்துக்கொண்டவை காட்சி அதிர்ச்சியோடு நின்றுவிடுகின்றன.

• மரபில் பிழைசெய்தோர் கொள்ளும் அச்சமாகக் கருதப்பட்ட இறையச்சம், பிழையற்றோர் முகமற்ற அதிகாரத்தின்முன் கொள்ளும் அச்சமாகவும் விரித்துரைக்கப்பட வேண்டியுள்ளது.

படத்தின் இறுதியில் ரிப்ளி கலத்தை அழிக்கிறாள். சிறுகலத்தில் ஒளிந்துவந்த உயிரியை வெளியில் வீழ்த்துகிறாள். ஜோன்ஸ் என்னும் பூனையுடன் நெடுந்துயிலுக்குச் செல்கிறாள். அணங்குறையும் சிறுகோள் பின்னால் மறைந்தது, விலங்கு வீழ்ந்தது, கள்வன் எரிந்தான். ஆணையிட்டவர்க்கு மட்டும் ஊறேதும் நேரவில்லை. அவள் திரும்பிச் செல்வதும் அவர்களிடமே. உயிரி இறந்தபின்னும் அச்சம் எஞ்சி நிற்பது இதனாலேயாம்.